பாட்டு, மேடை, திரை: இருமைப் பாலினம் சாராத பிரேசில் கலைஞர் எதிலிருந்து தொடங்கலாம்?

பாட்டும் நடிப்பும் ஒருசேர வாய்த்த இளைஞர் ஒருவர், தம்மை ஆண் என்றோ பெண் என்றோ வகுத்துக்கொள்ளாதவர், பிரேசிலில் கலையையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னே மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. நாடகப் பள்ளியில் சேர்ந்து மேடை ஏறலாம். தாமே பாட்டெழுதிப் பாடி இணையத்தில் வெளியிட்டு, கச்சேரிகள் வழியே வளரலாம். அல்லது தொலைக்காட்சி, இணையத் தொடர் ஆகியவற்றின் தேர்வுகளுக்குச் சென்று நேராகத் திரையில் தோன்ற முயலலாம். மூன்றும் எங்கோ ஓரிடத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடுபவைதான். ஆயினும் மக்கள் அவரை முதலில் எந்தக் கோலத்தில் அறிந்துகொள்கிறார்கள் என்பது, பின்னால் அவருக்கு யார் எந்த வேலையைத் தருவார்கள் என்பதை நெடுங்காலத்துக்குத் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே, முதல் அடியை எங்கே வைப்பது என்பது பொறுமையாக எடைபோட வேண்டிய கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாடகப் பள்ளியில் கற்றுக்கொண்டே, பொதுமக்கள் முன்னிலையில் பாடகராக அறிமுகமாவதும், அந்தப் பெயரோடு பிற்பாடு திரைக்குச் செல்வதும்தான் இப்படிப்பட்ட கலைஞருக்கு நல்லது.

ஒப்பிடுவதற்கு முன்மாதிரிகள் இல்லாத காலம் போய்விட்டது. 2015க்குப் பிறகு பிரேசிலில் இத்தகைய கலைஞர்கள் சிலர் வெளிச்சத்துக்கு வந்து, தங்கள் தடங்களைப் பதித்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே அடையாளத்தைச் சொல்பவர்கள் அல்லர் என்பதையும் இங்கே தெளிவுபடுத்த வேண்டும். நடிகரும் இயக்குநருமான பார்பரா பாஸ் தம்மை நான்-பைனரி, அதாவது ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காதவர் என்று 2021இல் அறிவித்தார். பாடகர் மஜூர் தொடக்க ஆண்டுகளில் அதே சொல்லால் தம்மைக் குறிப்பிட்டு, பின்னர் திருநங்கை என்று சொன்னார். பாடகர் லினிகர், ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்ற நிலையில் அறிமுகமாகி, பிறகு தம்மைத் திருநங்கையாக முன்வைத்தார். பாடகரும் நடிகருமான லின் டா கெப்ராடா, டிராவெஸ்டி என்ற தென்னமெரிக்க அடையாளத்தைச் சொல்பவர். பெண்மை சார்ந்ததாயினும் ஆண், பெண் என்ற இரு பெட்டிகளிலும் அடங்க மறுக்கும் அடையாளம் அது. தாம் நடிகரும் அல்ல, நடிகையும் அல்ல என்றே அவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறார். சிலருக்கு இந்த அடையாளம் வாழ்நாள் முழுவதும் மாறாது. வேறு சிலருக்குக் காலப்போக்கில் இன்னும் துல்லியமான பெயர் கிடைக்கிறது. இரண்டுமே உண்மையான வாழ்க்கைகள். எந்தத் தொழில்வழி இந்த இரண்டுக்கும் இடம் தருகிறது என்பதே என் ஒப்பீட்டின் முதல் அளவுகோல்.

பாட்டிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் சான்றுகள் அங்கேதான் அடர்த்தியாக இருக்கின்றன. சாவோ பாவ்லோ மாநிலத்தின் உட்பகுதியிலுள்ள அராராகுவாரா என்ற ஊரில் 1995இல் பிறந்த லினிகர், 2015 அக்டோபரில் தம் இசைக்குழுவோடு மூன்று பாடல்கள் கொண்ட சிறு தொகுப்பொன்றைக் காணொளிகளாக வெளியிட்டார். பெரிய அரங்கோ ஒளியமைப்போ இல்லை. ஓர் அறைக்குள் இசைக்குழு சூழ, நேரடியாகப் பாடிப் பதிவு செய்தது. தலையில் கட்டிய துணி, காதில் பெரிய தொங்கட்டான், உதட்டில் சாயம், அதற்கு மேலே மெல்லிய மீசை. அந்த முகத்திலிருந்து, கனத்தும் கரகரத்தும் எழுந்து சட்டென்று உயரத்துக்குத் தாவும் ஒரு சோல் குரல். அம்மூன்றில் "சீரோ" என்ற பாடல் மிகக் குறுகிய காலத்தில் பத்து லட்சம் பார்வைகளைக் கடந்தது. இதில் கவனிக்க வேண்டியது பார்வைகளின் எண்ணிக்கையை அல்ல. அந்த மீசையும் உதட்டுச்சாயமும் ஒன்றாக இருக்கலாமா என்று லினிகர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒப்பனைக் கலைஞர், இயக்குநர், விளம்பரதாரர், தொலைக்காட்சி நிர்வாகி என்று எவர் மேசைக்கும் அந்தத் தோற்றம் ஒப்புதலுக்காகச் செல்லவில்லை. கேட்பவர்கள் குரலையும் முகத்தையும் ஒரே நொடியில், சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்தடுத்த தொகுப்புகளில் அவருடைய தோற்றமும் மாறியது, தம்மைக் குறிக்க அவர் பயன்படுத்திய சொற்களும் மாறின, இசையும் மாறியது. குழுவைப் பிரிந்த பின் 2021இல் தனிப் பாடகராக வெளியிட்ட தொகுப்புக்கு 2022இல் லத்தீன் கிராமி விருது கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவரே. 2024இல் வந்த "கஜு" தொகுப்பில் ஏழு நிமிடத்தைத் தாண்டும் பாடல்கள் இருந்தும், அது நாடெங்கும் அரங்குகளை நிரப்பியது. 2025இல் மேலும் மூன்று லத்தீன் கிராமிகள் வந்து சேர்ந்தன. பத்தாண்டுகளில் ஒரு மனிதர் தம் அடையாளத்தைத் தாமே கண்டடைந்து பெயரிட்டுக்கொள்வதை அவருடைய ரசிகர்கள் உடனிருந்து பார்த்தார்கள். அந்த மாற்றத்தால் எந்தத் தொடரிலும் எந்தப் பாத்திரமும் முறிந்துபோகவில்லை. நடிகராக அறிமுகமாகி, ஒரு பாத்திரத்தின் பெயராலேயே மக்கள் நினைவில் தங்கிவிட்டவருக்கு இந்தச் சுதந்திரம் கிடைப்பது அரிது.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. பிரேசிலில் நடிப்பு, பதிவு பெற்றுச் செய்ய வேண்டிய தொழில். 1978ஆம் ஆண்டின் 6,533ஆம் எண் சட்டத்தின்படி, தொழில்முறையாக நடிப்பவர் தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பேச்சுவழக்கில் அதை "டெ-எஹ்ஹி-டெ" (DRT) என்று மூன்றெழுத்தில் சொல்கிறார்கள். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட படிப்புச் சான்றோ, கலைஞர் சங்கத்தின் தகுதிச் சான்றோ வேண்டும். இசைக் கலைஞர்களுக்கும் 1960 முதல் இத்தகைய பதிவு அமைப்பு ஒன்று உண்டு. ஆனால் பாடவும் இசைக்கவும் அந்தப் பதிவு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே ஒரு பாடகர் இன்று மாலையே மேடை ஏறிக் கூலி பெறலாம். நடிகருக்கு முதலில் ஒரு காகிதம் தேவைப்படுகிறது, அந்தக் காகிதத்தில் ஒரு பெயர் தேவைப்படுகிறது, அந்தப் பெயர் எது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

பிரேசில் மக்கள் பாட்டு மேடையில் பாலின எல்லை மீறலை ஏற்றுக்கொள்வது புதிதும் அன்று. ராணுவ ஆட்சி கடுமையாக இருந்த 1973இல், செகோஸ் இ மொல்யாடோஸ் குழுவின் பாடகர் நே மாத்தோகிராஸோ, முகம் நிறைய வண்ணம் பூசி, மேலாடை இல்லாமல், இறகுகளும் மணிகளும் அசைய, பெண்குரலை ஒத்த உச்சத்தில் பாடினார். தணிக்கை கண்காணித்துக்கொண்டிருந்த அதே நாட்டில், அவர்களுடைய முதல் இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது. 1974இல் ரியோவின் மரக்கனாசின்யோ உள்ளரங்கம் நிரம்பி வழிந்தது. அக்காலத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அந்த உடலுக்குக் கதாநாயகப் பாத்திரம் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை. பாட்டு மேடை ஒரு நூற்றாண்டாகக் கார்னிவல் திருவிழாக் கோலத்தோடு உறவுடையது என்பதால், அங்கே வேடத்துக்கும் மனிதருக்கும் இடையிலான கோடு தளர்வாகவே இருந்து வந்திருக்கிறது.

ஆயினும் பாட்டின் வழி எளிதான வழி என்று சொன்னால் அது பொய்யாகும். வருமானம் நிலையற்றது. சாவோ பாவ்லோவின் புறநகர் வறுமையிலிருந்து வந்த லின் டா கெப்ராடா, 2017இல் தம் முதல் தொகுப்பை ரசிகர்களும் நண்பர்களும் திரட்டிக் கொடுத்த பணத்தில்தான் வெளியிட முடிந்தது. அவருடைய பாடல்கள் கூர்மையானவை. பெரிய வானொலிகள் விரும்பி ஒலிபரப்பும் வகையைச் சேர்ந்தவை அல்ல. பெருஞ்சந்தை கிராமிய இசைவகையான செர்தனேஜோவின் கையில் இருக்கும் நாட்டில், இப்படிப்பட்ட பாடகருக்குச் சோறு போடுவது பெரும்பாலும் கச்சேரிகளே. அங்கேயும் செஸ்க் என்ற வணிகத்துறை ஊழியர் நல அமைப்பின் அரங்குகள் இல்லாவிட்டால் பலர் காணாமல் போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நிறுவனங்களின் சம்பளப் பட்டியலிலிருந்து வரும் கட்டாயப் பங்களிப்பில் இயங்கும் அந்த அமைப்பு, குறைந்த விலையில் நுழைவுச்சீட்டு விற்றாலும், கலைஞருக்குப் பேசிய தொகையைக் கொடுத்துவிடுகிறது. இன்னொரு வழி, பெயர்பெற்ற கலைஞரின் அழைப்பு. பயியா மாநிலத்தின் சால்வடோரைச் சேர்ந்த மஜூர், 2019இல் ராப் கலைஞர் எமிசீடாவின் "அமரேலோ" பாடலில், பெண்வேடக் கலைஞரும் பாடகருமான பாப்லோ விட்டருடன் சேர்ந்து பாடியதன் மூலமாகவே நாடு முழுவதற்கும் தெரியவந்தார். ஆனால் அழைப்பை எதிர்பார்த்து ஒரு வாழ்க்கையைத் திட்டமிட முடியாது.

நாடக மேடைக்கு வருவோம். கற்கும் இடமாகப் பார்த்தால் இதற்கு இணையான வழி இல்லை. சாவோ பாவ்லோவை ஒட்டிய தொழில் நகரான சாண்டோ ஆண்ட்ரேயில், நகராட்சி 1990இல் தொடங்கிய நாடகப் பள்ளி ஒன்று கட்டணமின்றி இன்றும் நடக்கிறது. லினிகர் அங்கே படித்தவர். அவருடைய கச்சேரியைப் பார்த்தவர்கள் அதன் பலனைக் காணலாம்: ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு முன் அவர் நிறுத்தும் மௌனம், இசைக்குழுவின் பக்கம் உடலைத் திருப்பும் விதம், கூட்டத்தின் ஒரு மூலையைத் தேர்ந்து அங்கே மட்டும் பாடுவது ஆகியவை நடிப்புப் பயிற்சி பெற்றவரின் செயல்கள். ஆனால் பிழைக்கும் இடமாக, அதுவும் முதலில் அறிமுகமாகும் இடமாக, மேடை கடினமானது. நாடகத்தை ஒருவர் தனியாக வெளியிட முடியாது. அரங்கு வேண்டும், நிதி வேண்டும், உள்ளூர் நிர்வாகத்தின் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமை எவ்வளவு மெல்லியது என்பதை நடிகை ரெனாட்டா கர்வாலியோவின் அனுபவம் காட்டுகிறது. இயேசு இன்று ஒரு திருநங்கையாகத் திரும்பி வந்தால் என்ற கற்பனையில் எழுந்த நாடகத்தை அவர் நடித்துக்கொண்டிருந்தார். 2017 செப்டம்பரில் ஜுந்தியாய் நகரில் அதற்கு நீதிமன்றம் தடை விதித்தது. 2018இல் பெர்னாம்புகோ மாநிலத்தின் கரான்யுன்ஸ் குளிர்கால விழா நிரலிலிருந்தும் அது நீக்கப்பட்டது. அதே விழாவில், பாலினக் கோடுகளைக் கலைத்துப் பாடும் ரெசீஃபி நகரத்துப் பாடகரும் நடிகருமான ஜானி ஹூக்கர் மேடையேறி, அந்த நாடகத்துக்கு ஆதரவாக உரக்கப் பேசினார். அதற்காகக் கடுமையான எதிர்ப்பையும் சந்தித்தார். ஒரே விழாவில் நாடகம் வெளியே, பாடகர் உள்ளே என்ற இந்த நிலை, நான் செய்யும் ஒப்பீட்டை எவரும் திட்டமிடாமலேயே செய்து காட்டிவிட்டது. பாடகரைத் தடுக்க வேண்டுமானால் ஒரு மனிதரைத் தடுக்க வேண்டும். நாடகத்தைத் தடுக்க ஒரு பிரதியைக் குற்றம் சாட்டினாலே போதுமானதாகிவிடுகிறது.

மேடையின் மற்றொரு சிக்கல், அங்கீகாரத்தின் வடிவம். ஃபோர்டலேசா நகரின் ராக் குழுவொன்றில் பாடிவந்த வெரோனிகா வலெந்தினோ, 2023இல் ஷெல் நாடக விருதைச் சிறந்த நடிகை பிரிவில் பெற்றபோது, அவ்விருது பெற்ற முதல் டிராவெஸ்டி ஆனார். அவருக்கு அந்தப் பிரிவு பொருந்தியது. அந்த வெற்றி எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. ஆனால் ஆண் பட்டியலிலும் பெண் பட்டியலிலும் தம் பெயரை எழுத விரும்பாதவர் எங்கே நிற்பார்? பெர்லின் திரைப்பட விழா 2021 முதல் நடிப்பு விருதுகளில் பாலினப் பிரிவை நீக்கியதுபோல எல்லா இடங்களிலும் நடந்துவிடவில்லை. லத்தீன் கிராமியின் பிரிவுகளோ மொழியையும் இசைவகையையும் பார்க்கின்றன. பாடியவரின் பாலினத்தைக் கேட்பதில்லை.

மூன்றாவது வழி திரை. பணமும் புகழும் இங்கேதான் மிகுதி. குளோபோ தொலைக்காட்சியின் இரவுநேர டெலிநாவெலா எனும் நெடுந்தொடர் ஒன்றில் ஆறு மாதம் தோன்றினால், பத்தாண்டு கச்சேரிகள் தராத அறிமுகம் கிடைக்கும். ஆனால் யாரை எந்தப் பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற வரலாற்றைப் பார்க்க வேண்டும். 2017இல் பெருவெற்றி பெற்ற "ஆ ஃபோர்சா டு கெரேர்" தொடரில் திருநம்பியாக மாறும் பாத்திரத்தை நடித்தவர் பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வாழும் நடிகை. அதே ஆண்டில் ரெனாட்டா கர்வாலியோவும் தோழர்களும், மாற்றுப் பாலினப் பாத்திரங்களை அவ்வாழ்க்கை வாழாதவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று கோரும் அறிக்கையை முன்வைத்தார்கள். நிலைமை நகர்ந்திருக்கிறது: 1993இல் வேறொரு நடிகை ஏற்ற "ஹெனஸெர்" தொடரின் புபா பாத்திரம், 2024 மறுஆக்கத்தில் திருநங்கையான கேப்ரியேலா மெதெய்ரோஸிடம் வந்து சேர்ந்தது. இருந்தும், அந்தக் கதைகளில் பாத்திரத்தின் பாலினமே பெரும்பாலும் கதையின் முடிச்சாகிறது. ஆணா, பெண்ணா என்ற கேள்விக்கு விடை சொல்வதே பாத்திரத்தின் பயணமாக எழுதப்படும்போது, அந்த விடையைச் சொல்ல மறுக்கும் நடிகருக்கு அங்கே செய்ய என்ன இருக்கிறது?

திரை அரசின் மனநிலைக்கும் கட்டுப்பட்டது. 2019 ஆகஸ்டில், மாற்றுப் பாலினக் கருப்பொருள் கொண்ட தொடர்கள் இடம்பெற்றிருந்த பொதுத் தொலைக்காட்சி நிதித் தேர்வு ஒன்றை அன்றைய அரசு நிறுத்திவைத்தது. அதைத் தணிக்கை என்று கண்டித்துக் கலாச்சாரச் செயலரே பதவி விலகினார். நிதியும் குழுவும் அனுமதியும் தேவைப்படும் கலை எதுவோ, அதன் கழுத்தை நெரிப்பதே எளிது.

திரைக்குள் நுழைய இப்போது ஒரு குறுக்குவழி இருக்கிறது: "பிக் பிரதர் பிரசில்". 2022இல் லின் டா கெப்ராடா அந்த வீட்டுக்குள் சென்றார். 2011இல் முதலில் வெளியேற்றப்பட்ட அரியாட்னா அரான்டிஸுக்குப் பின் அங்கே நுழைந்த இரண்டாவது மாற்றுப் பாலினத்தவர் அவர். தம்மை எந்தச் சுட்டுப்பெயரால் அழைக்க வேண்டும் என்பதைத் தம் புருவத்துக்கு மேலே பச்சை குத்தியிருந்தும், வீட்டிலிருந்தவர்கள் மீண்டும் மீண்டும் தவறாகவே அழைத்தார்கள். அதை விளக்க வேண்டிய பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது. ஏப்ரல் வரை தாக்குப்பிடித்து, கோடிக்கணக்கான வீடுகளுக்கு அறிமுகமானார். அவரால் அதைத் தாங்க முடிந்ததற்குக் காரணம், உள்ளே செல்வதற்கு முன்பே இரண்டு தொகுப்புகளும், 2018இல் பெர்லின் திரைப்பட விழாவில் பாலினச் சிறுபான்மையினர் பற்றிய படங்களுக்கான டெடி விருது பெற்ற ஆவணப்படமும், 2019இல் குளோபோவின் "செகுந்தா ஷமாடா" தொடரில் ஒரு பாத்திரமும் அவரிடம் இருந்ததே என்று நான் கருதுகிறேன். எந்தப் படைப்பும் கையில் இல்லாத இளைஞரை அந்த வீட்டுக்குள் அனுப்ப என் மனம் ஒப்பவில்லை. அவர் வெளியே வரும்போது ஒரு விவாதமாக மட்டுமே வருவார்.

திரை நன்றாக அமைந்ததற்கும் ஒரு சான்று உண்டு. அமேசான் பிரைமில் 2021 ஜூனில் வெளிவந்த "மன்யான்ஸ் ஜி செட்டெம்ப்ரோ" தொடரில் லினிகர் கசாண்ட்ராவாக நடித்தார். சாவோ பாவ்லோவில் பகலில் மோட்டார் சைக்கிளில் பொருள் விநியோகம் செய்து, இரவில் வனூசா என்ற பாடகியின் பாடல்களைப் பாடும் திருநங்கை அவர். முதன்முறையாகத் தமக்கென்று ஒரு சின்னஞ்சிறு அறையை வாடகைக்குப் பிடித்து, அதன் சாவியை அனுபவிக்கத் தொடங்கும் வேளையில், இவன் உன் பிள்ளை என்று ஒரு பெண் சிறுவனோடு வந்து நிற்கிறாள். கசாண்ட்ராவின் பாலினம் அங்கே புதிர் அன்று. கதை தொடங்குவதற்கு வெகு முன்பே அவர் தீர்த்துக்கொண்ட விஷயம். அவருடைய உண்மையான சிக்கல், தனிமையை இப்போதுதான் சம்பாதித்த ஒருவர் அதை ஒரு குழந்தையோடு பகிர வேண்டுமா என்பது. பாடும் காட்சிகள் வலிமையாக இருப்பதற்கு, அந்தக் குரல் பார்வையாளருக்கு ஏற்கெனவே ஆறு ஆண்டுகளாகப் பழகியிருந்தது ஒரு காரணம். பாடகராக நிலைபெற்றவருக்காகத் திரை தன்னைச் சற்று வளைத்துக்கொண்டது. அறிமுகமற்ற நடிகருக்காக அது வளைந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

இதற்கு நேரெதிரான வரிசையும் ஒன்று உண்டு. பார்பரா பாஸ் முதலில் நடிகராக நிலைபெற்றார். 2001இல் ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சியில் வென்றார். டெலிநாவெலாக்களில் பல ஆண்டுகள் நடித்தார். இயக்குநராக 2019இல் வெனிஸ் விழாவில் ஆவணப்பட விருது பெற்றார். நாற்பது வயதைக் கடந்த பின்னர்தான் நான்-பைனரி என்று அறிவித்தார். முதலில் தொழில், பிறகு அறிவிப்பு என்ற இந்த வரிசை பாதுகாப்பானது என்று சிலர் சொல்லக்கூடும். தம்மை அறியப் பார்பராவுக்கு அத்தனை காலம் தேவைப்பட்டிருக்கலாம், அதில் குறை காண எதுவுமில்லை. ஆனால் இருபது வயதிலேயே தம்மை அறிந்துவிட்ட ஒருவரிடம், இருபத்தைந்து ஆண்டுகள் பெண்ணாக நடித்துவிட்டுப் பிறகு சொல் என்று அறிவுரை கூறுவது கொடுமை. அந்த மௌனத்துக்கான விலையை எந்தச் சம்பளமும் ஈடுகட்டாது.

என் முடிவு பொருந்தாத இடங்களும் உண்டு. தாமே பாட்டு எழுதாத, பிறர் எழுதிய சொற்களுக்கு உயிர் கொடுப்பதிலேயே முழுத்திறன் உள்ளவருக்கு மேடையே முதல் வீடு. அவரைப் பாட்டெழுதச் சொல்லி அலைக்கழிக்கக் கூடாது. குடும்பத்தால் வெளியேற்றப்பட்டு அடுத்த மாத வாடகைக்கே வழியில்லாதவர், நல்ல தொடர் வாய்ப்பு வந்தால் தயங்காமல் ஏற்க வேண்டும். மாற்றுப் பாலினத்தவர் கொலைகளில் பல ஆண்டுகளாக உலகின் முதலிடத்தில் பதிவாகிவரும் நாட்டில், பூட்டக்கூடிய கதவுள்ள ஒரு வீடு எல்லாத் தொழில் தந்திரங்களையும்விட முக்கியமானது. கச்சேரி முடிந்து நள்ளிரவில் தனியாகப் பேருந்தில் திரும்ப வேண்டிய பாடகருக்கும், படப்பிடிப்பு நிறுவனத்தின் வண்டியில் வீடு திரும்பும் நடிகருக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறியது அன்று.

பாட்டை முதலில் தேர்ந்தெடுப்பவரும் நடிப்புக்கான பதிவை நாடகப் பள்ளி நாள்களிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும், ஏனெனில் தொடரின் அழைப்பு வரும்போது அலுவலகங்களில் அலைய நேரமிருக்காது. அந்தப் பதிவில் எந்தப் பெயர் என்பதற்கு இப்போது வழிகள் இருக்கின்றன. 2016 ஏப்ரல் ஆணையின்படி கூட்டாட்சி அரசு அலுவலகங்கள் ஒருவர் வாழ்வில் வழங்கும் பெயரைப் பயன்படுத்தியாக வேண்டும்; 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால், அறுவை சிகிச்சையோ வழக்கோ இன்றிப் பதிவாளர் அலுவலகத்திலேயே பெயரையும் பாலினத்தையும் திருத்தலாம். இரண்டிலும் அடங்காதவருக்கு நாடு தழுவிய எளிய நடைமுறை இன்னும் அமையவில்லை: ரியோ கிராண்டே டோ சுல் மாநிலம் 2022இல் பதிவாளர் அலுவலகங்களுக்கு அனுமதி அளித்தது, 2025 மே மாதத்தில் உயர்மட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருவரின் வழக்கில் நடுநிலைப் பாலினப் பதிவை ஏற்றது. ஆகவே இத்தகைய அனுமதி இல்லாத மாநிலத்தவர், பெயரை முதலில் திருத்திக்கொண்டு, பாலினக் குறிப்புக்கு வழக்கறிஞர் துணையுடன் தனியே விண்ணப்பிப்பது நல்லது. தொடரின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், திரையில் ஓடும் கலைஞர் பட்டியலில் எந்தப் பெயர் வரும், விளம்பரங்களில் எந்தச் சொல்லால் குறிப்பிடுவார்கள், கதை எழுதும் குழுவில் இந்த வாழ்க்கையை வாழும் ஒருவராவது இருக்கிறாரா, படப்பிடிப்பு நாள்களில் கச்சேரிகளுக்கு விடுப்பு உண்டா ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சொந்தப் பாடல்களும் அவற்றைக் கேட்க வரும் கூட்டமும் உள்ளவரால், இவற்றில் ஏதேனும் மறுக்கப்பட்டால் எழுந்து வந்துவிட முடியும்.